ஒன்ராறியோவில் கார்க் காப்புறுதி: வீட்டிலுள்ள சாரதிகளை அறிவிப்பது எப்படி?

ஒன்ராறியோவில் கார் வாங்கி, காப்புறுதி எடுத்து, பின்க் ஸ்லிப்பை (காப்புறுதி அட்டையை) காருக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் புதிதாக வந்த பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். அதன்பிறகு வீட்டில் யாராவது லைசன்ஸ் எடுத்தாலும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கினாலும், மகள் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போனாலும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். இப்படி ஒரு கடமை இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் ஒருவரைச் சேர்க்கவும் இன்னொருவரை நீக்கவும் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். இது ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டும். மற்ற மாகாணங்களில் சட்டமும் படிவங்களும் வேறு.

1. முதலில் வீட்டிலுள்ளவர்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் முகவரியில் வசிக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். கார் ஓட்டுகிறவர்களை மட்டும் எழுதினால் போதாது. காப்புறுதி விண்ணப்பத்தில் இரண்டு விடயங்கள் கேட்கப்படும்: இந்தக் காரை யார் யார் ஓட்டுகிறார்கள், அவர்களைத் தவிர வீட்டில் லைசன்ஸ் உள்ளவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா. பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான். "தம்பி என் காரைத் தொடுவதே இல்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் தம்பியிடம் லைசன்ஸ் இருக்கிறது, சாவி வீட்டில் தொங்குகிறது. நிறுவனம் அதைத்தான் பார்க்கிறது.

பட்டியலில் மறந்துபோகிறவர்கள் சிலர் உண்டு:

கனடாவுக்கு வந்து சில வாரங்களே ஆன கணவர் அல்லது மனைவி. ஒன்ராறியோவில் குடியேறியவர் முதல் 60 நாட்களுக்கு ஊர் லைசன்ஸை வைத்து ஓட்டலாம். "இன்னும் ஒன்ராறியோ லைசன்ஸ் எடுக்கவில்லையே" என்று அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். ஓட்ட அனுமதி இருக்கிறது என்றால் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சூப்பர் விசாவில் வந்து நீண்ட காலம் தங்கும் பெற்றோர். மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடுகிற விருந்தினர் ஊர் லைசன்ஸோடு ஓட்ட மாகாணம் அனுமதிக்கிறது. அதைவிட நீண்ட காலம் தங்குகிறவருக்குச் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். அப்பா காரை ஓட்டப்போகிறார் என்றால் அவர் வந்திறங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டைப் பகிர்ந்து வாழும் நண்பர்கள், உறவினர்கள். ஒரே சமையலறை, ஒரே வாசல் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். தனி வாசல் உள்ள பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவரைப் பெரும்பாலும் தனிக் குடும்பமாகவே எடுப்பார்கள். ஆனாலும் அதை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். "கீழே வாடகைக்கு ஒருவர் இருக்கிறார், அவர் என் காரை ஓட்டுவதில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கோ வேறு வீட்டில் இருக்கும் மைத்துனருக்கோ ஒருநாள் காரைக் கொடுப்பது வேறு விடயம். உங்கள் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசன்ஸ் உள்ளவர் எப்போதாவது ஓட்டினால் உங்கள் காப்புறுதி அவருக்கும் பொருந்தும். ஆனால் அவர் மீது தவறு உள்ள விபத்து நடந்தால் அந்தக் கிளெயிம் (இழப்பீட்டுக் கோரிக்கை) உங்கள் பொலிசியில்தான் ஏறும். வாரா வாரம் அவர்தான் ஓட்டுகிறார் என்றால் அது "எப்போதாவது" அல்ல. அவர் வேறு வீட்டில் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

2. எப்போது சொல்வது

எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்ராறியோவில் தனிப்பட்ட கார்களுக்கான பொலிசியின் அடிப்படை வாசகம் ஒன்றேதான். அதை ஓ.ஏ.பி. 1 என்பார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த விபரம் மாறினால் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும் என்று அதன் முதல் பகுதியிலேயே இருக்கிறது. உதாரணமாக அது சொல்வதும் புதிய சாரதி சேர்வதையும், காரின் பயன்பாடு மாறுவதையும்தான். ஆகவே "அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது சொல்லலாம்" என்று காத்திருக்க முடியாது.

ஒன்ராறியோவில் லைசன்ஸ் ஜி1, ஜி2, முழு ஜி என்று மூன்று கட்டமாகக் கிடைக்கும். வீட்டில் பிள்ளை லைசன்ஸ் எடுக்கும்போது மூன்று கட்டங்களிலும் சொல்லுங்கள்.

ஜி1 கிடைத்ததும் ஒரு மின்னஞ்சல். ஜி1 சாரதி தனியாக ஓட்ட முடியாது. முழு லைசன்ஸும் குறைந்தது 4 வருட அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை. செலவில்லாமல் முடிகிற அறிவிப்பு இது. இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

ஜி2 வீதிப் பரீட்சையில் தேறிய அன்றே அடுத்த அறிவிப்பு. அன்றிலிருந்து பிள்ளை தனியாக ஓட்டலாம், கட்டணம் ஏறுவதும் இங்கேதான். பரீட்சைக்கு முன்பே "தேறினால் எவ்வளவு கூடும்" என்று விசாரித்து வைத்தால் குடும்பமாக இருந்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். முழு ஜி கிடைத்ததும் மூன்றாவது அறிவிப்பு. இதில் கட்டணம் குறைய வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் நிறுவனம் தானாகத் தெரிந்துகொண்டு குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீடு மாறினால் லைசன்ஸிலும் வாகனப் பதிவிலும் முகவரியை 6 நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது மாகாண விதி. அதே நாளில் காப்புறுதிக்கும் சொல்லிவிடுங்கள். புதிய முகவரிக்குப் புதிய கட்டணம் வரும். அங்கே யாரோடு வசிக்கிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இன்னொன்று. வீட்டில் யாராவது அந்தக் காரில் உணவு விநியோகமோ, பணத்துக்கு ஆட்களை ஏற்றும் வேலையோ தொடங்கினால், முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்பே பேச வேண்டும். சாதாரண பொலிசி அதற்கானது அல்ல.

3. கையில் வைத்திருக்க வேண்டியவை

புரோக்கரை அழைத்தபின் தேடத் தொடங்கினால் ஒரு வேலை மூன்று அழைப்பாகும். சேர்க்கப்போகும் ஒவ்வொருவருக்கும் இவை வேண்டும்:

- லைசன்ஸில் உள்ளபடியே முழுப் பெயர், பிறந்த திகதி, லைசன்ஸ் எண். ஒன்ராறியோ லைசன்ஸ் எண் ஓர் ஆங்கில எழுத்தும் 14 இலக்கங்களும் கொண்டது. லைசன்ஸின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்புவது நல்லது.
- ஜி1, ஜி2, ஜி ஒவ்வொன்றும் கிடைத்த திகதி.
- போக்குவரத்து அமைச்சின் அங்கீகாரம் பெற்ற சாரதிப் பாடசாலையில் பயிற்சி முடித்திருந்தால் அதற்கான சான்று. கட்டணத்தைக் குறைக்கும் காகிதங்களில் இது முக்கியமானது.
- கடந்த 6 வருட விபத்துகள், கிளெயிம்கள். தவறு யார் மீது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
- கடந்த 3 வருடப் போக்குவரத்து ரிக்கற்றுகள், லைசன்ஸ் இடைநிறுத்தம் ஏதும் இருந்தால் அதுவும்.
- முன்பு வேறிடத்தில் காப்புறுதி இருந்திருந்தால் அந்த நிறுவனத்தின் அனுபவக் கடிதம்.

கடைசியாகச் சொன்ன கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பல வருடம் ஓட்டிய அனுபவத்தைப் போக்குவரத்து அமைச்சு கணக்கில் எடுத்து, சீக்கிரமாகவே ஜி பரீட்சைக்கு விடலாம். அதனால் காப்புறுதி நிறுவனமும் அதே அனுபவத்தை ஏற்கும் என்றில்லை. சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். ஆகவே ஊரை விட்டுப் புறப்படும் முன்பே, அங்குள்ள காப்புறுதி நிறுவனத்திடம் எத்தனை வருடம் காப்புறுதி இருந்தது, கிளெயிம் இருந்ததா என்று கடிதத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். இங்கு வந்தபின் அதைப் பெறுவது பெரும்பாடு.

ரிக்கற், விபத்து எதையும் மறைக்காதீர்கள். மாகாணத்தின் சாரதிப் பதிவையும் காப்புறுதி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் கிளெயிம் பதிவையும் அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னதும் அதில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

4. யாரிடம், எப்படிச் சொல்வது

புரோக்கர் மூலம் எடுத்திருந்தால் புரோக்கரிடம், நேரடியாக எடுத்திருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு. தொலைபேசியில் பேசுங்கள், அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள். மின்னஞ்சலில் பொலிசி எண், சேர்க்க வேண்டியவரின் பெயர், எந்தத் திகதியிலிருந்து, தொலைபேசியில் யாரோடு பேசினீர்கள் என்ற நான்கும் இருந்தால் போதும். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நாளை ஒரு சிக்கல் வந்தால் "நான் சொன்னேன்" என்பதற்கு உங்களிடம் எழுத்தில் எதுவும் இருக்காது.

பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: இவரை எந்தக் காரின் பிரதான சாரதியாகப் போடுகிறீர்கள், எதில் இடையிடையே ஓட்டுபவராகப் போடுகிறீர்கள்? பயிற்சிச் சான்றைக் கணக்கில் எடுத்தீர்களா? எந்தத் திகதியிலிருந்து அமுலாகும்?

முதல் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. மகன்தான் தினமும் ஓட்டும் காருக்கு, கட்டணம் குறையும் என்று அப்பாவைப் பிரதான சாரதியாக எழுதச் சொல்லி அறிந்தவர்கள் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது பொய்த் தகவல். அதன் விளைவை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. செலவு

ஒவ்வொரு சாரதியின் வயது, அனுபவம், பதிவு, காரின் வகை, வசிக்கும் இடம் எல்லாம் சேர்ந்து கட்டணம் தீர்மானமாகும். அதனால் இன்னொருவருக்கு எவ்வளவு கூடியது என்பதை வைத்து உங்களுடையதைக் கணிக்க முடியாது. கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முடியும்.

பொலிசி வழக்கமாக ஒரு வருடத்துக்கு. நடுவில் ஒருவரைச் சேர்த்தால் மீதமுள்ள காலத்துக்கு மட்டும் கூடுதல் கட்டணம். வருடத்துக்கு 1,200 டொலர் கூடுகிறது, பொலிசி முடிய 4 மாதம் இருக்கிறது என்று வையுங்கள். இந்த முறை கட்ட வேண்டியது 400 டொலர். முழுத் தாக்கம் புதுப்பிப்பில்தான் தெரியும். மாதத் தவணையில் கட்டுகிறவர்கள் வங்கிக் கணக்கில் அடுத்த தவணை திடீரென ஏறாதபடி, மாறிய தொகையையும் திகதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தவணை ஒன்று திரும்பினால் அது வேறு தலைவலி.

கூடிய தொகையைப் பார்த்துக் கோபத்தில் நடுவருடத்தில் நிறுவனம் மாறுகிறவர்கள் உண்டு. நீங்களாக முன்கூட்டியே ரத்து செய்தால் அபராதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். புதுப்பிப்புக் கடிதம் வழக்கமாக ஒரு மாதம் முன்னதாக வரும். மற்ற இடங்களில் விலை கேட்க அதுவே நல்ல நேரம். மகள் வீட்டிலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பால் காரில்லாமல் பல்கலைக்கழக விடுதியில் இருந்தால் பல நிறுவனங்கள் தள்ளுபடி தரும். கேட்டால்தான் கிடைக்கும்.

செலவை மட்டும் பார்க்காதீர்கள். பெயர் பட்டியலில் இருக்கும் வருடங்களைப் பல நிறுவனங்கள் காப்புறுதி அனுபவமாக எடுத்துக்கொள்ளும். பிள்ளை நாளை தன் பெயரில் கார் எடுக்கும்போது அது பயன்படும்.

6. திரும்பி வரும் காகிதத்தை வாசியுங்கள்

சேர்த்த பிறகு திருத்திய காப்புறுதிச் சான்றிதழ் வரும். இது பின்க் ஸ்லிப் அல்ல. பின்க் ஸ்லிப்பில் பொலிசிக்காரர் பெயரும் காரின் விபரமும் இருக்கும், எல்லாச் சாரதிகளின் பெயரும் இருக்காது. "ஸ்லிப்பில் என் பெயர் இல்லையே" என்று பயப்படவும் வேண்டாம், ஸ்லிப் கையில் இருக்கிறது என்று எல்லாம் சரி என எண்ணவும் வேண்டாம். சாரதிகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மகளைச் சேர்த்தபோது வந்த காகிதத்தில் ஜி2 திகதி தவறாக இருந்தது. பயிற்சிச் சான்றும் கணக்கில் வரவில்லை. புரோக்கர் அலுவலகம் அனுப்பிவிட்டோம் என்றது, நிறுவனம் வரவில்லை என்றது. எங்கள் பழைய மின்னஞ்சல்களை ஒரே கோவையாக இருவருக்கும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் திருத்தம் நடந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பெயர் எழுத்துகள், லைசன்ஸ் வகை, திகதிகள், தள்ளுபடிகள், யாருக்கு எந்தக் கார் என்று ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். இரண்டு வாரத்தில் காகிதம் வராவிட்டால் நீங்களே அழையுங்கள்.

7. "எக்ஸ்குளூட்" படிவத்தில் கையெழுத்திடும் முன்

வீட்டில் ஒருவருடைய பதிவு மோசமாக இருந்தால், அல்லது அவரைச் சேர்த்தால் கட்டணம் தாங்க முடியாது என்றால், "அவரை எக்ஸ்குளூட் செய்துவிடலாம்", அதாவது பொலிசியிலிருந்து விலக்கிவிடலாம் என்று சொல்வார்கள். இதற்கான படிவம் ஓ.பி.சி.எஃப். 28ஏ. பொலிசிக்காரரும் விலக்கப்படுகிறவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். கட்டணம் இறங்கும், உண்மை.

ஆனால் அந்தக் கையெழுத்தின் பொருள் என்னவென்று வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அந்தக் காரை ஓட்டினால், காயத்துக்கான சில சலுகைகளைத் தவிர, காப்புறுதி இல்லை. எதிர்க் காருக்கும், எதிர்த்தரப்பு மனிதருக்கும் வரும் நட்டத்துக்கு அவரும் நீங்களும் சொந்தப் பணத்தால் பொறுப்பு. காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேரும். அதற்கு முதல் முறை 5,000 முதல் 25,000 டொலர் வரை அபராதம், அடுத்த முறை 10,000 முதல் 50,000 வரை. லைசன்ஸை ஒரு வருடம் வரை நிறுத்தலாம், காரை மூன்று மாதம் வரை பிடித்து வைக்கலாம். ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தெரிந்து ஓட்ட விட்ட சொந்தக்காரருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த வீட்டில் யார் காரை எடுப்பார்கள்? அந்தக் கேள்விக்கு விலக்கப்படுகிறவரின் பெயர்தான் பதில் என்றால் கையெழுத்திடாதீர்கள். அவருக்குச் சொந்தக் கார் இருந்து, உங்கள் காரை எடுக்க வேண்டிய தேவையே வராது என்றால் மட்டுமே இந்தப் படிவம் பொருத்தம் என்பது என் கருத்து. சாவியையும் தனியாக வையுங்கள்.

8. சொல்லாவிட்டால் நடப்பது

விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனத்துக்காக விசாரிக்கும் அதிகாரி முதலில் கேட்பது, ஓட்டியவர் யார், எங்கே வசிக்கிறார், எவ்வளவு காலமாக, எத்தனை தடவை இந்தக் காரை ஓட்டியிருக்கிறார் என்பதைத்தான். லைசன்ஸில் உங்கள் முகவரியே இருக்கும். பட்டியலில் அவர் பெயர் இல்லை என்றால் அங்கிருந்து எல்லாம் சிக்கலாகும்.

ஒவ்வொரு முறையும் மறுப்பார்கள் என்றில்லை. சில நேரம் கடந்த காலத்துக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு கிளெயிமைக் கொடுப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்திருந்தால் இழப்பீடு பெறும் உரிமையை இழக்கலாம் என்று ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கார் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. எதிர்த்தரப்பினருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சமான 200,000 டொலர் வரை நிறுவனம் கொடுக்க நேர்ந்தால், பிறகு அதை உங்களிடம் திரும்பக் கேட்கலாம். பொலிசியையும் ரத்து செய்யலாம். அப்படி ரத்தான பதிவோடு புதிய காப்புறுதி தேடுகிறவருக்குக் கிடைப்பது மிக உயர்ந்த கட்டணம்தான்.

2026 ஜூலை 1 முதல் இன்னொரு காரணமும் சேர்கிறது. விபத்தில் காயப்பட்டால் பொலிசி தரும் விபத்துச் சலுகைகளில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டுமே கட்டாயம். வருமான இழப்பு போன்றவை விரும்பினால் வாங்குபவையாகின்றன. அப்படி வாங்கிய சலுகைகள் பொலிசிக்காரர், துணைவர், அவர்களைச் சார்ந்து வாழ்வோர், பட்டியலில் பெயருள்ள சாரதிகள் ஆகியோருக்குத்தான். வீட்டில் உங்களோடு இருந்து வேலைக்குப் போகும் தம்பியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால், நீங்கள் பணம் கட்டி வாங்கிய பாதுகாப்பு அவருக்கு உதவாமல் போகலாம்.

9. ஒருவரை நீக்குவது

மகன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான், அல்லது கணவன் மனைவி பிரிந்துவிட்டார்கள். "நீக்குங்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. போனவரின் புதிய முகவரியுள்ள லைசன்ஸ், வாடகை ஒப்பந்தம், அவருடைய சொந்தக் காப்புறுதி இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். நம்மவர்கள் தவறுவது எங்கே என்றால், பிள்ளை வீடு மாறி மாதக் கணக்கானாலும் லைசன்ஸில் பழைய முகவரியே இருக்கும். முதலில் மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் அதை மாற்றச் சொல்லுங்கள். பிறகு நீக்கல் கோரிக்கையை அனுப்பி, எந்தத் திகதியிலிருந்து கட்டணம் குறைகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வாரயிறுதியில் வீட்டுக்கு வந்து உங்கள் காரை எடுக்கிற பழக்கம் தொடர்ந்தால் நீக்காதீர்கள்.

10. தீராத தகராறு வந்தால்

முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அப்படி ஒரு நடைமுறை இருக்க வேண்டும். அவர்களின் இறுதிப் பதிலைக் கடிதமாகக் கேளுங்கள். அதில் திருப்தி இல்லாவிட்டால், பொதுக் காப்புறுதிக்கான சுயாதீன முறைப்பாட்டு அமைப்பான ஜி.ஐ.ஓ.வுக்குப் போகலாம். அதன் சேவைக்கு நுகர்வோரிடம் கட்டணம் இல்லை. காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாகாண அமைப்பு எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். சிக்கல் புரோக்கரின் நடத்தையைப் பற்றியது என்றால் புரோக்கர்களைப் பதிவுசெய்யும் ரிபோவிடம் முறையிட வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது திகதியும் எழுத்து ஆதாரமும்தான். 4ஆம் பகுதியில் சொன்ன மின்னஞ்சல்களை அழிக்காமல் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள்.